புரோட்டா பில்லும் பொங்கல் வரிசையும்

1

நியூசிலாந்துக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இங்கே நான் பார்க்கும் வேலையை ஊரில் யாருக்கும் ஒழுங்காக விளக்க முடிந்ததில்லை. ஹாமில்டன் நகரத்தில் ஒரு பேருந்துக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். கம்பெனி வேலையாக வெளியூர் போகும் ஊழியர்கள் கைக்காசைச் செலவு செய்துவிட்டு ரசீதோடு வருவார்கள். செலவு நியாயமானதுதானா என்று ரசீதைப் பார்த்து, பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஒப்புதல் போடுவேன். ஆங்கிலத்தில் இதற்கு ரீஇம்பர்ஸ்மென்ட் என்று பெயர். அப்பாவிடம் சொன்னபோது, "அடுத்தவன் தின்னத நீ நோண்டிப் பாக்குற. அதுக்கு சம்பளம் வேற குடுக்குறானா?" என்றார். கடலூர் – சிதம்பரம் தடத்தில் தனியார் பஸ்ஸில் கண்டக்டராகவே காலத்தைக் கழித்தவர் அவர். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

போன வாரம் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மாலியா என்ற சமோவாப் பெண் ஒரு சந்தேகம் கேட்டாள். ரீஃபண்ட், ரீபே, ரீஇம்பர்ஸ் மூன்றுமே பணத்தைத் திருப்பித் தருவதுதானே, ஒன்றைப் போட வேண்டிய இடத்தில் இன்னொன்றைப் போட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்று. இந்த மாதிரிக் கேள்விக்காகவே காத்திருப்பவன் நான். கடையில் வாங்கிய சட்டை கிழிந்திருந்தால் கடைக்காரர் தருவது ரீஃபண்ட். கடன் வாங்கியவர் கொடுப்பது ரீபே. ரீஇம்பர்ஸ் அப்படியில்லை. எனக்காக நீ செலவு செய்தாய். நீ செலவே செய்யாதது மாதிரி உன் கையிருப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து விடுகிறேன். அந்தச் சொல்லின் வயிற்றுக்குள்ளேயே ஒரு பர்ஸ் உட்கார்ந்திருக்கிறது, காலியான பர்ஸை மறுபடி நிரப்புவதுதான் அதன் பழைய அர்த்தம் என்றும் சொன்னேன். மாலியா தலையாட்டினாள். ரொம்பத் தெளிவாகச் சொன்னதாகப் பாராட்டவும் செய்தாள்.

என் நாற்காலிக்குத் திரும்பி வந்த பிறகுதான் மாமா ஞாபகம் வந்தார். போன வருடம் இதே சொல்லை அவரிடம் நீட்டி நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை ஊரில் இருக்கிறவர்கள் படித்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

2

போன ஆடி மாதம் அப்பா மஞ்சக்குப்பம் வீட்டின் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அம்மா போன பிறகு அவர் தனியாகத்தான் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தது எனக்கு இல்லை, சிதம்பரத்தில் இருக்கும் என் அக்கா செல்விக்கு. என்னைக் கூப்பிட்டு என்ன ஆகப் போகிறது? அக்காவின் கணவர் கலியபெருமாளைத்தான் நான் மாமா என்கிறேன். புவனகிரி ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கழற்றிய மோட்டாரை அப்படியே போட்டுவிட்டு, கடையின் சின்ன லோடு வண்டியை எடுத்துக்கொண்டு கடலூருக்கு ஓடியிருக்கிறார். ஆபரேஷன் சிதம்பரத்தில் நடந்தது. ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குத் துணையாகப் படுத்ததும் அவர்தான். டிஸ்சார்ஜ் ஆனதும் தன் வீட்டுக்கே கூட்டிப் போய்விட்டார்.

நான் போகவில்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். என் கையெழுத்து கட்டத்தைத் தாண்டி வெளியே போயிருந்ததால் விண்ணப்பம் திரும்பி வந்தது. இரண்டாம் முறை கட்டத்துக்குள் அடங்கிப் போட்டேன். அது பழைய கையெழுத்தோடு பொருந்தவில்லை. இங்கே கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. கவுன்டரில் இருப்பவர்கள் நம்மைவிட வருத்தப்பட்டு, புன்னகையோடு புதுப் படிவம் ஒன்றை நீட்டுவார்கள்.

தூரத்தில் இருப்பவனால் முடிந்தது பணம் அனுப்புவது. மாமாவைக் கூப்பிட்டேன்.

"எவ்ளோ ஆச்சு மாமா? பில்லெல்லாம் அனுப்புங்க, நான் ரீஇம்பர்ஸ் பண்ணிடறேன்."

"இன்னா பண்ணுவ?"

"செலவான காச குடுத்துடறேன் மாமா."

"அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம் மச்சான். இப்பத்தான் ரெண்டு இட்லி உள்ள போயிருக்கு உங்கப்பாவுக்கு. நீ வேலையப் பாரு."

ஆனால் அப்பா அப்படி விடுகிறவர் இல்லை. அக்கா அந்தப் பக்கம் போன நேரமாகப் பார்த்து என்னிடம் போனில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மாப்ளைய செலவு பண்ண உடாதடா. நான் பொண்ணு குடுத்தவன்."

இதை இங்கே பிறந்த யாருக்கும் விளக்க முடியாது. எங்கள் பக்கத்தில் அந்தத் தலைமுறை அப்பாக்கள் பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் அப்பா சிதம்பரம் போனால் ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார். பேத்தி திவ்யா பிறந்த பிறகுதான் அங்கே இலையில் உட்கார்ந்தார், அதுவும் ஒரு வேளை. அப்படிப்பட்டவருக்கு இப்போது அதே வீட்டில் மூன்று வேளைச் சாப்பாடு, மருந்து, கட்டில். போதாக்குறைக்கு, மாப்பிள்ளை தூக்கிக் கொண்டுபோய்க் கழிப்பறையில் உட்கார வைக்கிறார்.

3

மாமா பில் அனுப்பவில்லை. அக்காவைப் பிடித்தேன். அவருக்குத் தெரியாமல் ஒவ்வொன்றையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து, அலுவலகத்தில் செய்கிற மாதிரியே ஒன்றொன்றாகப் பார்த்துத் தள்ளினேன். ஆபரேஷன் செலவு, மருந்து, எக்ஸ்ரே, நடப்பதற்கான வாக்கர். நடுவில் ஆஸ்பத்திரி எதிரில் இருக்கும் ஓட்டலின் பில்கள் சில இருந்தன. புரோட்டா, ஆம்லெட், டீ.

அப்பா புரோட்டா சாப்பிட மாட்டார். இத்தனை வருடப் பழக்கத்தில் என் கை அந்த இடத்தில் தானாக நின்றது. அக்காவைக் கூப்பிட்டேன்.

"இந்த புரோட்டா யாருக்குக்கா?"

அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? கடையிலிருந்து மாமா சாப்பிட வந்திருந்தார் என்றும் தெரியாது.

"எனக்குத்தான் மச்சான்," என்று அவர் குரல் வந்தது. "நைட்ல பசிச்சுது. தின்னுட்டேன்."

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "ஐயோ மாமா, அதுக்காகக் கேக்கல. அதையும் சேத்துத்தான் குடுக்கப் போறேன்," என்றேன். அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்த சத்தம் மட்டும் கேட்டது.

அன்றே ஊரில் இருக்கும் என் பாங்க் கணக்கிலிருந்து மாமாவின் கணக்குக்கு மொத்தத்தையும் அனுப்பினேன், புரோட்டா உள்பட. குறிப்பு எழுதும் இடத்தில் 'ரீஇம்பர்ஸ்மென்ட், அப்பா மெடிக்கல்' என்றும் எழுதினேன். மறுநாள் பணம் திரும்பி வந்துவிட்டது. நான் அனுப்பியதைவிட ஒரு ரூபாய் கூடுதலாக இருந்தது. ஏதோ கணக்குப் பிசகு என்றுதான் முதலில் நினைத்தேன். விசேஷ வீட்டில் மொய் வைக்கும்போது தொகைக்கு மேல் ஒரு ரூபாய் சேர்த்து வைப்போமே, அது என்று உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. என் பணத்தையே எனக்கு மொய் எழுதிவிட்டார் மனிதர்.

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நீ செய்யாதது மாதிரி ஆக்கிவிடுகிறேன் என்பதுதானே அந்தச் சொல்? ராத்திரியெல்லாம் கண்விழித்து என் அப்பாவுக்கு மூத்திரப் பாத்திரம் பிடித்த ஒருவரிடம் போய் அதைச் சொல்லியிருக்கிறேன்.

4

பணம் திரும்பிய விஷயத்தை அக்கா அப்பாவிடம் உளறிவிட்டாள்.

"மாப்ள வாங்கலியா?" என்று கேட்டிருக்கிறார். அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அடுத்த முறை நான் கூப்பிட்டபோது, "கடலூர் ஊட்டுச் சாவி உங்கக்காகிட்ட இருக்குது. குடுக்கச் சொல்லு. நான் போறேன்," என்றார்.

"தனியா எப்பிடிப்பா இருப்ப? அந்த பாத்ரூம்லதான விழுந்த?"

"விழுந்தா என் ஊட்டுல விழறேன்."

மாமா சாவியைக் கடைக்கு எடுத்துப் போய்விட்டார். அதிலிருந்து அப்பாவின் சாப்பாடு குறைந்தது. சண்டை இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. இரண்டு இட்லி ஒன்று ஆனது, ஒன்று பாதி ஆனது. நடைப் பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பையனிடம், காலில் வலு இல்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்று நாளைக் கடத்தினார். இப்படியே படுத்திருந்தால் அப்புறம் நடக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அக்கா போனில் அழுதாள். "நாலு வாய்க்கு மேல எறங்க மாட்டேங்குதுடா ரவி. போதும்மா, போதும்மாங்கிறாரு. எத வச்சாலும் நல்லா இருக்குதும்மான்னு வேற சொல்றாரு. எங்கப்பா எந்தக் காலத்துல சாப்பாட்ட நல்லா இருக்குன்னு சொன்னாரு? யாரோ ஊட்டு விருந்தாளி மாதிரி பேசிக்கினு கெடக்குறாரு."

எனக்குப் பயமாக இருந்தது. அம்மா போனபோது நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இந்த முறையும் அப்படி ஆகிவிடுமோ என்று அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டே நினைப்பேன். நினைத்துக்கொண்டே யாரோ ஒரு டிரைவர் ரோட்டோரூவாவில் சாப்பிட்ட மீனுக்கு ஒப்புதல் போடுவேன். வேலை ஒன்றும் நிற்கவில்லை.

5

மாமா என் போனை எடுப்பதில்லை. அக்காவைக் கூப்பிடும்போது பக்கத்தில் இருந்தாலும், "கேட்டன்னு சொல்லு," என்று எழுந்து போய்விடுவார். எனக்கும் ரோஷம் வந்தது. பணம் கொடுப்பது என்ன அப்படி ஒரு பாவமா?

என் மகள் இனியாவிடம் ஒருநாள் இதையெல்லாம் சொன்னேன். அவளுக்குப் பதினாறு வயது. தோழிகளோடு காபி குடிக்கப் போனால் ஒருத்தி பணம் கட்டுவாள். வீடு வந்து சேர்வதற்குள் மற்றவர்கள் பங்கு அவள் கணக்குக்குச் சில்லறை பிசகாமல் போய்விடும். அவர்களுக்கு அதுதான் மரியாதை. அனுப்பாதவளை அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள்.

"அங்கிள் செலவு பண்ணாரு, நீங்க குடுத்தீங்க. அவர் வாங்கல. அப்ப அவர் மிஸ்டேக்தானே?" என்றாள்.

"அங்கிள் இல்ல, மாமா."

"மாமாதான். ஆனா தாத்தா ஏன் சாப்பிட மாட்டேங்கிறார்? அது டாட்டர் வீடுதானே? இட்ஸ் ஃபேமிலி."

எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாலும் அவளுக்கு அது ஒன்றுக்கொன்று ஒட்டாத கதையாகத்தான் இருந்தது. அவள் தமிழ் மெல்ல மெல்லக் கேள்விகளாகவே சுருங்கிக்கொண்டு வருகிறது. நான் பதில் சொல்லும்போது கையில் போன் வந்துவிடும். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கே இடம் பொருள் மறந்துவிட்டதே.

மார்கழியில் அக்கா கூப்பிட்டாள். ஏதேதோ பேசிவிட்டு, "இந்த வருஷம் எனக்குப் பொங்கல் வரிசை கெடையாது போலருக்கு," என்றாள். சும்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

வருடா வருடம் பிறந்த வீட்டிலிருந்து பெண்ணுக்குப் போகும் பொங்கல் வரிசையை அப்பாதான் கொண்டுபோவார். புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, புடவை, வேட்டி. தான் வேலை பார்த்த தடத்திலேயே, பஸ்ஸின் கூரையில் கரும்பைக் கட்டிக்கொண்டு போவார். இந்த வருடம் கொண்டுபோக வேண்டியவரே போய்ச்சேர வேண்டிய வீட்டில் படுத்திருக்கிறார்.

எனக்குப் பொறி தட்டியது. "நான் பணம் அனுப்பறேன்கா. வரிசைக்குன்னு அனுப்பறேன். மாமா திருப்பி அனுப்புவாரா?"

"அத எப்பிடி அனுப்புவாரு? அது எனக்கு எங்க அப்பன் ஊட்டுலேர்ந்து வர்றது. அதுல அவுருக்கு இன்னா பேச்சு?" என்றாள் அக்கா. இதைச் சொல்லும்போது குரலே மாறியிருந்தது.

அனுப்பினேன். அனுப்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சிதம்பரத்திலேயே ஒரு பெரிய கடையில் எல்லாவற்றையும் போனில் ஆர்டர் போட்டு வீட்டு வாசலில் இறக்கச் சொல்லிவிடலாம் என்று அப்பாவிடம் யோசனை வேறு சொன்னேன். பல வாரங்களுக்குப் பிறகு அப்பா என்மேல் எரிந்து விழுந்தார்.

"வரிசைன்னா என் ஊட்டுலேர்ந்து போவணும். கடையிலேர்ந்து வந்து எறங்குனா அதுக்குப் பேரு மளிகைடா."

பக்கத்து அறையில் மாமா இருந்திருக்கிறார். இதையும் கேட்டிருக்கிறார். அந்த வீட்டில் எதைத்தான் ரகசியமாகப் பேச முடியும்?

6

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு திவ்யா வீடியோ காலில் வந்தாள். அவள் கல்லூரியில் படிக்கிறாள். இங்கே எங்களுக்குக் கோடைக்காலம். வேலை முடிந்து வந்து தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். "மாமா, வாசலப் பாருங்க," என்று என்னிடம் சொல்லிவிட்டு போனைத் தெருப்பக்கம் திருப்பினாள். ஒன்றும் புரியவில்லை. நடந்ததை அவளே ரகசியக் குரலில் சொன்னாள்.

விடியற்காலையில் மாமா சாவியை எடுத்துக்கொண்டு அப்பாவின் கட்டிலருகே போயிருக்கிறார். "மாமா, ஊட்டத் தொறந்து பாத்து மாசக்கணக்கா ஆவுது. வாங்க, ஒரு நட போயிட்டு வரலாம்." மாமா என் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார். லோடு வண்டியின் முன்சீட்டில் தலையணை வைத்து அப்பாவை உட்கார வைத்துக்கொண்டு கடலூர் போயிருக்கிறார். மஞ்சக்குப்பத்தில் கரும்பு வாங்கியபோது பணத்தை எண்ணிக் கொடுத்தது அப்பா. பானையைத் தட்டிப் பார்த்து எடுத்ததும் அவர்தான். எல்லாவற்றையும் எங்கள் வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து இறக்கி, சாமி படத்துக்கு முன் விளக்கேற்றி, மறுபடி வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள்.

இப்போது வண்டி தெருமுனையில் நின்றது. வரிசையை வாங்க வேண்டிய மாப்பிள்ளை, வரிசையோடு வந்து இறங்கக் கூடாதே. அதற்காக மாமா தெருமுனையிலேயே இறங்கி, பின்சந்து வழியாக ஓடி வந்து, கொல்லைக் கதவைத் திறந்து, மூஞ்சியில் தண்ணீர் அடித்துக்கொண்டு, பேன்ட்டுக்கு மேலேயே வேட்டியைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார். மூச்சு வாங்கியது அவருக்கு.

தெருவில் அப்பா வாக்கரை நகர்த்தி நகர்த்தி வந்துகொண்டிருந்தார். படுத்த பிறகு அவ்வளவு தூரம் அவர் நடந்ததே இல்லை. வாக்கரின் கம்பியில் மஞ்சள் கொத்தைக் கட்டியிருந்தார். மாமாவின் கடை ஆள் கரும்போடு பின்னால் வந்தார். எதிர்வீட்டுக்காரர் பானையைத் தூக்கிக்கொண்டார். யாரும் அப்பாவைப் பிடிக்கவில்லை. நடுவில் ஒருதரம் நின்றார். அக்கா படியிறங்கப் போனாள், மாமா கையைக் காட்டித் தடுத்துவிட்டார்.

"வாங்க மாமா, வாங்க," என்றார் மாமா, அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் மாதிரி. "எப்ப கெளம்புனீங்க? ரோடெல்லாம் எப்பிடி இருக்குது?"

"ஆலப்பாக்கத்தாண்ட கொஞ்சம் கூட்டம் ஜாஸ்தி," என்றார் அப்பா. "மத்தபடி ஒண்ணும் இல்ல மாப்ள."

இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பே இல்லை. என் தோள்மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இனியா, "மாமாதானே டிரைவ் பண்ணாரு? ஏன் இப்பிடிக் கேக்கறாரு?" என்றாள். பேசாமல் பார் என்றேன். நான் போய்ச் செய்திருக்க வேண்டியது அது. என் இடத்தில் நின்று வண்டி ஓட்டி, தன் இடத்துக்கு ஓடிவந்து வாங்கிக்கொண்ட அந்த மனிதருக்கு நான் எதைத் திருப்பிக் கொடுப்பது? அவர் திவ்யாவின் கையிலிருந்து போனை வாங்கினார். புரோட்டாவுக்குப் பிறகு என்னிடம் அவர் நேராகப் பேசியது அப்போதுதான்.

"வரிசை வந்து சேந்துச்சு மச்சான்," என்றார். "வேட்டி நல்லா இருக்குது."

"சரிங்க மாமா," என்றேன்.

வரிசை கொண்டுவந்தவரைச் சாப்பிட வைக்காமல் அனுப்பும் வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் மேசையில் இலை போட்டார்கள். சாம்பார், வடை, இரண்டு பொரியல். திவ்யா போனை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டுப் பரிமாறப் போய்விட்டாள். அக்கா எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தாள், அவர் போதும் என்பதற்கு முன்பே கையை எடுத்துக்கொள்ளும் பழக்கத்தில். அப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். பாயசம் வந்தது. டம்ளரைத் தூக்கி ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார். அக்கா முகம் சுருங்கிவிட்டது.

"இன்னாம்மா பாயசம் இது?" என்றார் அப்பா, தெருவுக்கே கேட்கிற மாதிரி. "முந்திரி எங்க? காடாம்புலியூர் முந்திரி அர கிலோ கொண்டாந்தன்ல, அத இன்னா பண்ண?"

"இப்பதானப்பா கொண்டாந்த. இன்னும் பையக்கூடப் பிரிக்கல."

"பிரி. பிரிச்சி நெய்யில வறுத்துப் போடு. நெய்ய ஊத்து, காட்டிட்டுப் போவாத."

மாமா எழுந்து போய்ப் பையைப் பிரித்தார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள். அவள் முந்திரியை வறுத்துக் கொண்டுவரும் வரைக்கும் அப்பா டம்ளரைக் கீழே வைக்கவே இல்லை.